மலைப் பொட்டியில் ஒரு வரி கூடுதல்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மலைப் பொட்டிக்கு பேட்டரி மாற்றினோம்.

லாரி பேட்டரி மாதிரி பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய எட்டணா காசு அளவுதான். சேலத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர் கார்த்தி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, வளைந்து வளைந்து கல்வராயன் மலை ஏறி... அந்த எட்டணாவுக்காக அரை நாள் பயணம்.

"இதுக்கு நீங்க எதுக்குக்கா வர்றீங்க?" என்று கேட்டார்.

"சும்மாதான் தம்பி" என்றேன்.

சும்மா இல்லை. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

என்னை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவள். பஸ்ஸில் 'ஸ்டாப் வருது, நிறுத்துங்க' என்று சொல்ல வாய் வராமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நடந்து வந்த கதையை இதே இடத்தில் எழுதியிருக்கிறேன். கடையில் மீதிச் சில்லறையைக் கேட்காமல் வந்த கதையையும் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். கூச்சத்தால் நஷ்டம் எனக்கு மட்டும்தானே என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை.

நான் வேலை பார்ப்பது கள்ளக்குறிச்சியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில். பெயர் வேண்டாம். பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங் லோயர். பேப்பர் ஃபைல்களை நம்பர் வரிசையில் அடுக்கத்தான் என்னை எடுத்தார்கள். சில வருஷத்துக்கு முன் பேப்பர் போய் கம்ப்யூட்டர் வந்தது. நான் மட்டும் போகவில்லை.

எங்களுக்கு நான்கு இடங்கள். டவுனில் பெரிய ஆஸ்பத்திரி. சின்னசேலம் ரயிலடியில் ஒரு கிளினிக், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில் பக்கம் ஒன்று, மலை மேல் ஒன்று. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கறுப்புப் பொட்டி. நான்கும் சேர்ந்தால் 'கிளஸ்டர்', தனித்தனியாக ஒவ்வொன்றும் ஒரு 'நோடு' என்று கார்த்தி சொல்லிக் கொடுத்தார். எங்கள் வாயில் அது நிற்கவில்லை. டவுன் பொட்டி, ரயிலடிப் பொட்டி, மில்லுப் பொட்டி, மலைப் பொட்டி... இப்படித்தான் ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர்.

ஒரு நோயாளிக்கு ஒரு ஃபைல். அது நான்கு பொட்டியிலும் அப்படியே இருக்கும். மலையில் காட்டிய ஆள் நாளைக்கே டவுனுக்கு வரலாம். இங்கேயும் அவர் விவரம் தயாராக இருக்க வேண்டும் இல்லையா?

"ஒரு பொட்டி எரிஞ்சே போனாலும் மூணு இருக்கும்க்கா. அழியவே அழியாது" என்றார் கார்த்தி.

நான்கிலும் இருப்பது ஒன்றுதானா என்று தினமும் காலையில் சரிபார்ப்பது என் வேலை. அத்தனை ஃபைலையும் திறந்து படிக்க முடியுமா? அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு வரி தட்டினால் ஒவ்வொரு பொட்டியும் ஒவ்வொரு ஃபைலுக்கும் நீளமாக ஒரு நம்பர் சொல்லும். கைரேகை மாதிரி. ஃபைலுக்குள் ஒரு புள்ளி மாறினாலும் நம்பர் முழுக்க மாறிவிடும். நான்கு பொட்டியும் ஒரே நம்பர் சொன்னால் பச்சை. ஒன்று மாற்றிச் சொன்னாலும் சிவப்பு.

சிவப்பு வந்தால் என்ன செய்வது என்று கார்த்தி ஒரு தாளில் எழுதி, என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தார். எந்தப் பொட்டி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்துக்குப் போன் போட்டு, ஃபைலைத் திறக்கச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். என் திரையில் பெயர், தேதி, அளவு, அந்த நம்பர்... இவ்வளவுதான் தெரியும். உள்ளே இருப்பதை அங்கே இருப்பவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். கேட்ட பிறகே பட்டனை அழுத்தலாம்.

பட்டனின் பெயர் 'பெரும்பான்மை'. அழுத்தினால் மூன்று பொட்டியில் இருப்பது நான்காவதின் மேல் ஏறிவிடும். நான்கும் ஒன்றாகிவிடும். பச்சை.

தாளின் நடுவில் இருந்த அந்தப் போன்தான் எனக்கு எமன்.

ஆரம்பத்தில் தாளில் இருந்தபடிதான் செய்தேன். ஒரு நாள் மலைப் பொட்டியில் சிவப்பு. போன் போட்டேன். மலை கிளினிக்கில் ஸ்டெல்லா சிஸ்டர். சங்கராபுரம் பக்கம் விவசாயக் குடும்பம். மலை ஏறிப் பல வருஷம் ஆகிறது. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் மேலே போவார். மற்ற நாளெல்லாம் அங்கே டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர், வாட்ச்மேன் எல்லாம் சிஸ்டர்தான்.

"சிஸ்டர்... ரெக்கார்டு ரூம்லேர்ந்து பேசறேன். ஒரு நம்பரு ஒத்துப் போகல..."

"யம்மா தாயே! இங்க கொழந்தை தலை வெளிய வந்துக்கினு கீது. நீ நம்பரு படிச்சிக்கினு கீறியா? வைய்யி போனை!"

வைத்தேன். அன்றைக்கு முழுக்கக் காது சுட்டது.

அதற்கப்புறம் மாத மீட்டிங்குக்கு அவர் கீழே வரும்போதெல்லாம் எல்லோர் முன்னாலும், "இன்னா ரெக்கார்டு ரூமு, நம்பரு ஒத்துப் போச்சா? வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத கேலி. வேறு யாராக இருந்தாலும் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கோ மலை நம்பரைப் பார்த்தாலே விரல் மடங்கிக்கொள்ளும்.

அதனால் போன் போடாமல் சமாளிக்கக் கற்றுக்கொண்டேன்.

அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. எப்போது சிவப்பு வந்தாலும் மலைப் பொட்டிதான் தப்பாக இருக்கும். கீழிருந்து ஃபைல் போய்க்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிடும். மூன்று இடத்தில் முழுசு, மலையில் அரைகுறை. பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும். ஒரு தடவை, பத்துத் தடவை, ஒரு வருஷம்... மூன்று பேர் ஒன்று சொல்லி ஒருத்தர் வேறு சொன்னால், அந்த ஒருத்தர்தான் தப்பு. இதைக் கேட்க எதற்கு ஒரு போன்?

சிரிக்காதீர்கள். நீங்களும் இதைச் செய்கிறவர்கள்தான். ஒரே செய்தி நான்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால் நம்பிவிடுகிறோம். நான்கிலும் போட்டது ஒரே ஆள் என்பதை யார் பார்க்கிறார்கள்? வீட்டில் மூன்று பேர் ஒன்றைச் சொன்னால் நான்காவது ஆளை 'உனக்கு ஞாபகம் போதலை' என்று உட்கார வைக்கிறோம். சமயத்தில் அந்த நான்காவது ஆளே அதை நம்பிவிடுகிறார்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன்.

லைன் இல்லாத நேரத்தில் மலையில் எழுதுவது அந்தப் பொட்டியிலேயே தங்கியிருக்கும். லைன் வந்ததும் எது புதுசு என்று தேதியைப் பார்த்து, மற்ற மூன்றும் தாங்களாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் மலைப் பொட்டியின் எட்டணா பேட்டரி செத்துப் போயிருந்தது. கரண்ட் போய்ப் பொட்டி அணைந்தால், உள்ளே இருக்கும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய் நின்றுவிடும். இன்று எழுதியது என்றைக்கோ எழுதியது போலத் தெரியும். பொட்டிகளுக்குக் குழப்பம் வந்துவிடும். எதுவும் செய்யாமல் சிவப்பு காட்டி மனுஷியிடம் கேட்கும்.

இது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். "மலையில இன்னும் பழைய வருஷமே நடந்துக்கினு கீது. மேல போனா வயசு கம்மியாயிடும்" என்று ஒரு ஜோக்கே ஓடியது. நானும் சிரித்திருக்கிறேன். பேட்டரி வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன ஐப்பசியில் மலையில் அடைமழை. இரண்டு நாள் கரண்ட் வந்து வந்து போனது. லைனும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் என் திரையைத் திறந்தால் மேலிருந்து கீழே சிவப்பு. பத்து மணிக்கு ஓ.பி. ஆரம்பித்துவிடும். அதற்குள் பச்சையாக்க வேண்டும்.

வரிசையாக அளவைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மலையில் இருப்பது சின்னது, சின்னது, சின்னது. வழக்கமான அரைகுறை. ஒரு பெயரில் மட்டும் கண் நின்றது. மலையில் இருந்த ஃபைல், மற்ற மூன்றையும் விடக் கொஞ்சம் பெரிது. ஒரு வரி அளவுக்கு.

அறுந்து போன ஃபைல் எப்படிப் பெரிதாகும்?

எனக்குப் பத்தாவதுதான். ஆனாலும் அந்தக் கேள்வி அன்றைக்கே எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

போனை எடுத்தேன். மூன்று நம்பர் அழுத்தினேன். 'தலை வெளிய வந்துக்கினு கீது...' வைத்துவிட்டேன்.

தேதியைப் பார்த்தேன். பல வருஷம் பழையது. பார், ஏதோ பழைய குப்பை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கடிகார ஜோக்குக்குச் சிரித்தது அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லையா, நான் வரவிடவில்லையா? இன்றைக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் டிக் அடித்தேன். பட்டனை அழுத்தினேன். பச்சை. டீ குடிக்கப் போனேன்.

அந்த இரண்டு நாளும் அவ்வளவு மழையில் மலை கிளினிக்குக்கு வந்தது ஒரே ஒரு ஆள்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

பதினைந்து நாள் கழித்து மலையிலிருந்து ஒரு பெண்ணை டவுனுக்கு அழைத்து வந்தார்கள். பொன்னி என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயசு இருக்காது. மரவள்ளிக் காட்டில் களைக்கொத்து காலில் பட்டு, சீழ் வைத்து, முழங்கால் வரை வீங்கியிருந்தது. புருஷன் கூட வந்திருந்தார். டாக்டர் ஃபைலைத் திறந்தார். 'ஒத்துக்கொள்ளாத மருந்து' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. பென்சிலின் டெஸ்ட் டோஸ் போடச் சொன்னார். தோலுக்கடியில் ஒரு சொட்டு.

அந்த ஒரு சொட்டே போதுமானதாக இருந்தது.

பதினோரு மணிக்கு நடந்து வந்தவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இல்லை. டாக்டர், நர்ஸ், ஆக்சிஜன் எல்லாம் பக்கத்திலேயே இருந்தும் இல்லை.

உடலை ஒப்படைக்கும் தாளில் கையெழுத்து வாங்குவது ரெக்கார்டு ரூமில். அந்தப் புருஷன் வந்து என் எதிரில் நின்றார். எழுதத் தெரியாது என்றார். அவருடைய கட்டைவிரலைப் பிடித்து, மையில் தொட்டு, தாளில் வைத்து அழுத்தினேன். விரல் சில்லென்றிருந்தது. கையை எடுக்காமலே கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லன்னுதானம்மா இருந்திச்சு?"

திரையில் பொன்னியின் ஃபைல் திறந்திருந்தது. நான் அப்போதுதான் பெயரைப் படித்தேன். ஒரு வரி கூடுதலாக இருந்த பெயர்.

"ஆமாங்க" என்றேன். "இல்லன்னுதான் இருந்திச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். ஏன் அப்படிக் கேட்டார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலைமையிலும் நான் இல்லை.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சோறு வடித்தேன், துணி துவைத்தேன், வேலைக்குப் போனேன். காலையில் ஒன்பது மணிக்குச் சரிபார்த்தேன். நான்கும் பச்சை.

நான்காம் நாள் மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், டாக்டர், சேலத்திலிருந்து கார்த்தி, மலையிலிருந்து வரவழைத்த ஸ்டெல்லா சிஸ்டர். ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் நான். டைப் அடிக்க.

சிஸ்டர் நின்றுகொண்டே பேசினார். "மழையில நனைஞ்சிக்கினு வந்தா சார். ஜொரம், தொண்டை வீக்கம். டாக்டருக்குப் போனு போட்டா டவரு இல்ல. டெஸ்ட் டோஸ் வெச்சதுமே ஒடம்பெல்லாம் தடிச்சிப் போச்சு, மூச்சு இழுத்துக்கிச்சு. மாத்து மருந்து போட்டு, சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே குந்திக்கினு காப்பாத்தினேன். அன்னிக்கே ஃபைல்ல எழுதினேன். இந்தக் கையால எழுதினேன்."

மேனேஜர் ஒரு தாளைத் தள்ளினார். "நாலு பொட்டியிலயும் பாத்தாச்சு சிஸ்டர். எதிலயும் இல்ல. உங்க மலைப் பொட்டியிலயே இல்ல."

"இல்லாம எங்க சார் போவும்?"

"கார்த்தி, நீங்க சொல்லுங்க."

கார்த்தி யாரையும் பார்க்காமல் சொன்னார். "நாலும் மேட்ச் ஆவுது சார். ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல."

"நாலும் ஒண்ணு சொல்லுது. நீங்க ஒருத்தர் மட்டும் வேற சொல்றீங்க. நான் யார நம்பறது?"

எப்போதும் வாயடிக்கிற மனுஷி. சுற்றி எல்லோரையும் பார்த்தார். "நான் பொய் சொல்ற ஆளா சார்?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அட்டை இருந்திருந்தால் அதில் இருந்திருக்கும். நோயாளி கையில் அட்டை கொடுப்பதை, கம்ப்யூட்டர் வந்ததும் நிறுத்தியிருந்தோம். நான்கு இடத்தில் இருக்கும்போது ஐந்தாவதாக அட்டை எதற்கு?

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்கம்மா. மலை கிளினிக் செவிலியர், நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் விவரத்தைப் பதிவு செய்யத் தவறியதால்..."

அடித்தேன். ஆமாம், அடித்தேன். 'தவறியதால்' வரைக்கும் அடித்தேன்.

கையைத் தூக்கி, 'சார், ஒரு நிமிஷம்' என்று சொன்னால் போதும். அறையில் இருந்தது நான்கே பேர். பஸ்ஸில் நடந்ததேதான் மறுபடியும். ஸ்டாப் போய்க்கொண்டே இருந்தது.

வாய் வரவில்லை. விரல் மட்டும் வேலை செய்தது. அடித்ததை அழித்தேன். மேனேஜர் சொல்லிக்கொண்டே போனார், நான் வேறு ஒன்றை அடித்துக்கொண்டே போனேன். மழை முடிந்து லைன் வந்த அன்று பொன்னியின் ஃபைல் மலைப் பொட்டியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அதை நான் பார்த்தேன். மலைக்குப் போன் செய்து கேட்கவில்லை. பட்டனை அழுத்தி அந்த வரியை அழித்தது நான். கீழே என் பெயர்.

பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தேன். மேனேஜர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். படித்தார். பேனாவை மூடினார். தாளைச் சிஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

சிஸ்டர் இரண்டு தடவை படித்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"ஒரு போனு" என்றார். "ஒரே ஒரு போனு. பண்றதுக்கு இன்னா?"

"பயமா இருந்திச்சு சிஸ்டர்."

"யாருகிட்ட?"

"உங்ககிட்ட."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

கார்த்தி அன்றே மலை ஏறினார். மேலே எழுதி மறைக்கப்பட்ட ஃபைலைக் கொஞ்ச காலத்துக்குப் பொட்டி ஒரு மூலையில் போட்டு வைத்திருக்குமாம். நான்கும் பச்சையாக இருந்ததால் அதுவரை யாரும் அந்த மூலையைத் தேடவில்லை. தோண்டி எடுத்தார். 'பென்சிலின் ஆகாது. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல். எக்காரணம் கொண்டும் போடக் கூடாது.' பக்கத்தில் பொன்னிக்குக் கல்யாணமே ஆகியிருக்காத ஒரு வருஷத்தின் தேதி.

அந்த வரியை நான்கு பொட்டியிலும் ஏற்றினார்கள். இப்போது நான்கும் சரியாகச் சொல்கின்றன. யாருக்குச் சொல்கின்றன?

சிஸ்டருக்கு எழுத இருந்த கடிதம் எழுதப்படவில்லை. எனக்கு ஒரு மெமோ. பட்டனை எடுத்துவிட்டார்கள். அட்டை திரும்ப வந்தது. பொன்னி வீட்டுக்கு மட்டும் 'உடம்பு மருந்தை ஏத்துக்கல' என்று சொன்னதோடு சரி. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. எட்டணா பேட்டரிக்கு ஆர்டர் போட்டு, அது வந்து சேர மேலும் இரண்டு மாதம்.

செவ்வாய்க்கிழமை நானும் பஸ் ஏறியது இதனால்தான். பொன்னியின் புருஷன் மலையில் எங்கே இருப்பார், என்ன சொல்வது... எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. மலை ஏறினால் ஏதாவது செய்துவிடுவேன் என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான்.

கிளினிக்கில் கார்த்தி உள் அறையில் பொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா சிஸ்டர் என்னைப் பார்த்து "வா" என்றார். டீ கொடுத்தார். நம்பர் பற்றிக் கேட்கவில்லை. கேலி இல்லாத அவர் முகம் எனக்குப் புதுசு.

கொஞ்ச நேரத்தில் மூன்று வயசுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். குழந்தைக்கு இருமல். சிஸ்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு சிரப் பாட்டிலை மேஜையில் வைத்தார். எடை போடக் குழந்தையை உள்ளே தூக்கிப் போகும்போது என் பக்கம் குனிந்தார்.

"பொன்னி வூட்டுக்காரரு, வெள்ளையன். நான் சொல்ல மாட்டேன். சொல்றது ஒன் இஷ்டம்."

நான் ஏற்கெனவே அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்தடி தூரம். டைப் அடித்துக் கொடுக்க இங்கே வழி இல்லை. கொடுத்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

"ஐயா... நான் கீழ ஆஸ்பத்திரியில..."

"தெரியுதும்மா. அன்னிக்கு மை தொட்டு வெச்சவங்கதான?"

சொன்னேன். கோணல்மாணலாக, பாதி பாதியாகச் சொன்னேன். பொட்டி, நம்பர், மழை எதையும் இழுக்கவில்லை. அந்த ஊசி ஆகாது என்று சிஸ்டர் எழுதியிருந்தார், யாரையும் கேட்காமல் அதை அழித்தது நான். அன்றைக்கு நீங்கள் கேட்டபோது 'ஆமாங்க' என்று சொன்னதும் நான்.

திட்டுவார், கையை ஓங்குவார், அழுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

"அப்ப... அவ சொன்னது நெசந்தானா?"

"என்ன சொன்னாங்க?"

"நான் மழை சமயத்துல குடகு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் சொன்னா, ஊசி போட்டு இப்பிடி ஆச்சுன்னு. காதுல வாங்கிக்கல. கீழ டாக்டருகிட்டயும் அவளே சொன்னா. 'எனக்கு அந்த ஊசி ஆவாதுங்க, மேல சிஸ்டரு கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருக்காங்க'ன்னா. அவரு பாத்துட்டு, அப்பிடி ஒண்ணும் இல்லியேம்மான்னாரு. நாந்தான்..."

நிறுத்தினார். கட்டைவிரலை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். மை போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

"'ஊசிக்குப் பயந்துக்கினு பேசறா சார், நீங்க போடுங்க'ன்னேன். 'கம்ப்யூட்டர்லயே இல்லன்றாங்க, சும்மா கெட'ன்னு அவள அதட்டினேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணும் பேசல. கைய நீட்டிட்டா."

மூன்று பொட்டி சொன்னதை வைத்து நான் ஒன்றை அழித்தேன். நான்கு பொட்டி சொன்னதை வைத்து டாக்டர், புருஷன், நான் எல்லோருமாக அவளை அழித்தோம். யாருடைய உடம்போ அவளே எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொன்னதே தப்போ என்று கூட இருந்தது. அதுவரை அவருக்கு அவள் பயந்தாங்கொள்ளியாக இருந்தாள். அதில் ஒரு நிம்மதி இருந்திருக்கும். அதையும் நான் எடுத்துவிட்டேன்.

வெள்ளையன் எழுந்தார். உள்ளே போய்க் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைத் தாண்டி இறங்கி நடந்தார். சிரப் பாட்டில் மேஜையிலேயே இருந்தது. சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"வெள்ளையா... யோவ், மருந்து! கொழந்தைக்கு மருந்துய்யா!"

அவர் திரும்பவில்லை. சிஸ்டர் எட்டிப் பிடித்து, தோளில் கிடந்த குழந்தையின் கையில் பாட்டிலை வைத்து விரல்களை மூடிவிட்டார்.

உள் அறையிலிருந்து கார்த்தி கூப்பிட்டார். "அக்கா, டைம் சரியாயிடுச்சு. நாலும் பச்சை."

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சிஸ்டரிடம் கேட்டேன், இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று. "எழுது. பேர மாத்திக்க" என்றார். மாற்றியிருக்கிறேன், எல்லோர் பெயரையும்.

மறுநாள் காலை ஒன்பது மணி. திரை முழுக்கப் பச்சை. மலைக்குப் போன் போட்டேன். பயம் இருக்கத்தான் செய்தது. அது இனிமேல் போகாது என்று நினைக்கிறேன்.

"இன்னா ரெக்கார்டு ரூமு, செவப்பா?"

"இல்ல சிஸ்டர். பச்சையா இருக்குது... அதான் கேக்கறேன்."